முதல் பத்து வாடிக்கையாளர்கள்

சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் பேசும் மார்க்கம் நம்முடையது. ஆனால் சுத்தம் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு மிகக் குறைவு. மத்திய கிழக்கு நாடுகளில் பல வருடங்கள் வீடுகளைத் துப்புரவு செய்துவிட்டு ஊர் திரும்பிய தாய்மார் நம் மத்தியில் ஏராளம். அந்த வேலையின் நுணுக்கம் அவர்களுடைய கைகளில் இருக்கிறது. கடைகளுக்கும், பாமசிகளுக்கும், வைத்தியர்களின் கிளினிக்குகளுக்கும், டியூஷன் வகுப்புகளுக்கும் மாதக் கட்டணத்தில் துப்புரவுச் சேவை வழங்கும் சிறு நிறுவனமொன்றை அவர்களைக் கொண்டு இங்கேயே நடத்த முடியுமா?

தொடங்குவது கடினமான காரியமன்று. தும்புத்தடி, மொப், வாளி, கையுறை, சுத்திகரிப்புத் திரவங்கள் ஆகியவற்றுக்குப் பெரிய முதல் தேவையில்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாகப் பதிவு செய்துகொள்ளலாம். போதிய வாடிக்கையாளரைப் பெறுவதில்தான் கஷ்டம் இருக்கிறது. அந்தப் "போதிய" என்ற சொல்லுக்கு எத்தனை பேர் என்று அர்த்தம் என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாம் உயர்தர வகுப்பில் படிக்கும் சமப்பாட்டுப் புள்ளி இங்கேதான் உதவுகிறது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒருவருக்கு மாதச் சம்பளம் 36,000 ரூபா என்றால் இருவருக்கும் 72,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும். அது 10,800 ரூபா. முச்சக்கரவண்டி, தொலைபேசி, உபகரணத் தேய்வு போன்றவற்றுக்கு 17,200 ரூபா எனக் கொண்டால் நிலையான செலவு சரியாக 100,000 ரூபா. ஒரு கடையிடம் மாதம் 12,000 ரூபா வாங்குகிறோம். அந்தக் கடைக்கான திரவங்களுக்கும் பைகளுக்கும் 2,000 ரூபா போனால் பங்களிப்பு 10,000 ரூபா. ஆகவே பத்து வாடிக்கையாளர் கிடைத்தால் நட்டமில்லை. பதினோராவது வாடிக்கையாளரிலிருந்துதான் உரிமையாளரின் கைக்குக் காசு வரும்.

அடுத்த கேள்வி, இந்தப் பத்துப் பேரை எங்கே தேடுவது? ஒவ்வோர் இடத்திலும் இருவரும் சேர்ந்து தினமும் அரை மணித்தியாலம் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகப் பத்து நிமிடம் எடுத்தால் எட்டு மணித்தியால வேலை நாளில் 12 இடங்களைத்தான் முடிக்கலாம். ஒரே வீதியில் மூன்று நிமிட நடையில் இருந்தால் 14 இடங்களை முடிக்கலாம். உரிமையாளருக்கு முதலாவதில் கிடைப்பது 20,000 ரூபா, இரண்டாவதில் 40,000 ரூபா. எனவே கல்முனையில் இரண்டு, நிந்தவூரில் மூன்று, அக்கரைப்பற்றில் நான்கு என்று சிதறிப் பிடிப்பதைவிட, ஒரே பிரதான வீதியின் இரு பக்கங்களையும் ஒவ்வொரு கதவாகத் தட்டுவது புத்திசாலித்தனம். நேரத்தையும் கலந்து பிடிக்க வேண்டும். கடைகளுக்குத் திறக்குமுன், மாலையில் இயங்கும் கிளினிக்குகளுக்கு மதியத்துக்குமுன், காலை வகுப்புகளுக்குப் பிற்பகல் என்று பங்கிட்டால்தான் ஒரு நாளுக்குள் எல்லாம் அடங்கும்.

யாரிடம் முதலில் போவது? துணிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். துப்புரவுச் சேவையை வாங்குமுன் தொட்டுப் பார்க்க முடியாது. அதோடு, கடை முதலாளி நம்மிடம் கொடுப்பது கடையின் திறப்பை. அந்நியரிடம் யார் திறப்பைக் கொடுப்பார்? இன்று உலகின் மிகப் பெரிய துப்புரவுச் சேவை நிறுவனங்களில் ஒன்றான ஐ.எஸ்.எஸ். 1901 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் 20 இரவுக் காவலாளிகளுடன் ஒரு காவல் நிறுவனமாகத் தொடங்கியது. 1934 இல்தான் அது துப்புரவுத் தொழிலில் இறங்கியது. கட்டடங்களைக் காக்கும் நம்பிக்கையைப் பெற்ற பிறகு, கட்டடங்களைச் சுத்தம் செய்ய வந்தது. நாமும் நம் குடும்பத்தை அறிந்த பாமசிக்காரரிடமும், வழமையாகச் சாமான் வாங்கும் கடைக்காரரிடமுமே முதலில் போக வேண்டும். அமானிதம் பேணுகிறவர்கள் என்ற பெயர் எந்தத் துண்டுப்பிரசுரத்தையும்விட வேகமாகப் பரவும்.

போகும்போது வெறுங்கையோடு விலை சொல்லக் கூடாது. இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். தரை சீமெந்தா மாபிளா, மலசலகூடங்கள் எத்தனை, கண்ணாடிக் கதவு உண்டா, குப்பை எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தினமும் செய்வது எது, கிழமைக்கு ஒரு முறை செய்வது எது, மாதம் ஒரு முறை செய்வது எது என எழுதி, கீழே கட்டணத்தைப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஜும்ஆ நேரத்தில் பூட்டிக் கிடக்கும் கடையை வெள்ளிக்கிழமைகளில் முழுமையாகக் கழுவித் தருவோம் என்றால், வியாபாரம் தடைப்படாது என்பதை முதலாளி உடனே விளங்கிக்கொள்வார். கிளினிக்காரருக்குத் தேவை வேறு. குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை அமிலம் கலந்த மலசலகூடத் திரவத்தோடு சேர்த்தால் நச்சு வாயு வெளிப்படும். இதையெல்லாம் பழக்கிய ஊழியர்களே வருவார்கள் என்பதுதான் அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

கிடைத்த வாடிக்கையாளரைக் காப்பதும் வாடிக்கையாளர் தேடுவதில் ஒரு பகுதிதான். நன்றாகச் செய்த துப்புரவு எவர் கண்ணிலும் படாது. விடுபட்ட மூலை உடனே கண்ணில் படும். ஆகவே செய்த வேலைகளை அடையாளமிடும் அட்டையொன்றைச் சுவரில் தொங்கவிடலாம். ஒருவர் சுகவீனமானால் பதிலாக வர இன்னொருவரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். குறை சொன்னால் அன்றைக்கே திருத்த வேண்டும். ஒரு மாதம் முடிந்ததும், "பக்கத்துக் கடைக்காரரிடம் எங்களைப் பற்றிச் சொல்வீர்களா?" என்று கூச்சமின்றிக் கேட்கலாம். வைத்தியசாலை, திணைக்களம் போன்ற அரச இடங்களின் கேள்விமனுக்களைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். அங்கே பணம் கைக்கு வரத் தாமதமாகலாம். சம்பளத்தையோ மாத முடிவில் கொடுத்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆள் பிடிப்பதற்கு மிக இலகுவான வழி விலையைக் குறைப்பது. 12,000 ரூபாவை 9,000 ஆக்கினால் பங்களிப்பு 7,000 ஆகிறது. நட்டமில்லாமல் இருக்க 15 இடங்கள் வேண்டும். ஆனால் ஒரே வீதியில் இருந்தாலும் 14 இடங்களுக்குமேல் முடிக்க முடியாது என்று கண்டோம். அப்படியானால் அந்தக் குறைவை யார் சுமப்பது? பெரும்பாலும் வேலை செய்யும் பெண்தான். அவளது சேமலாப நிதி கட்டப்படாமல் போகும், சம்பளம் பிந்தும், ஒருவர் செய்யும் நேரத்தில் இருவரின் வேலை சுமத்தப்படும். பிறகு அவள் மறுபடியும் கடவுச்சீட்டைத் தேடி எடுப்பாள்.

வாடிக்கையாளராக இருக்கும் முதலாளிமாருக்கும், வீட்டில் நம் பெற்றோருக்கும் இதில் ஒரு பங்குண்டு. மலிவான விலையொன்று வந்தால், "இதில் உங்கள் ஊழியருக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று ஒரு தடவை கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லக்கூடிய நிறுவனத்துக்குப் பத்து வாடிக்கையாளர் கிடைத்தால், இரண்டு தாய்மார் பிள்ளைகளோடு ஊரிலேயே இருப்பார்கள்.