ஈக்கும் உண்டு ஞாபகசக்தி!

நன்கு கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிக் குட்டி ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் பழ ஈக்கள். நீளம் சுமார் 3 மில்லி மீட்டர். மூளையோ கசகசா அளவுதான்! அந்த மூளைக்குப் பாடம் நடத்த முடியுமா?

முடியும் என்று 1974ல் காட்டினர், அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் விஞ்ஞானி சீமோர் பென்சரின் குழுவினர். ஒரு வாசனையைக் காட்டும்போது ஈக்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தனர். இன்னொரு வாசனைக்கு எதுவும் கொடுக்கவில்லை. பிறகு மின்சாரமே இல்லாமல் சோதித்தபோதும், பல ஈக்கள் அதிர்ச்சி தந்த வாசனையை மட்டும் தவிர்த்தன!

இது எப்படி நடக்கிறது?

ஈ தன் உணர்கொம்புகளால் முகர்கிறது. அந்தச் செய்தி, மூளையில் 'காளான் உடல்' என்ற பகுதிக்குச் செல்கிறது. காளான் போன்ற வடிவம் என்பதால் இந்தப் பெயர். மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் இதில் சுமார் 2,000 நரம்பு செல்கள் உண்டு. ஒரு வாசனைக்கு இவற்றில் சில மட்டுமே விழித்துக்கொள்ளும். வேறு வாசனைக்கு வேறு சில. வகுப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் வெவ்வேறு மாணவர்கள் கை தூக்குவது போல!

மின் அதிர்ச்சி பட்டதும், வேறு நரம்பு செல்கள் 'டோபமைன்' என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அப்போது விழித்திருந்த செல்களுக்கும், 'அருகே போ' என்று தூண்டும் செல்களுக்கும் உள்ள இணைப்பு பலவீனமாகிறது. அடுத்த முறை அதே வாசனை வந்தால் 'போ' என்ற குரல் மெலிந்து, 'போகாதே' என்ற குரல் ஓங்கும். ஈ விலகிவிடும். இந்த மாற்றம்தான் ஞாபகம்! சர்க்கரை கொடுத்துப் பழக்கினால், அந்த வாசனையை நாடிப் போகும்.

இனிமேல்தான் நமக்கான பாடம். 1994ல், அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், ஈக்களுக்கு ஒரே பாடத்தை 10 முறை நடத்தினர். ஒரு பிரிவுக்கு இடைவிடாமல். மற்றொரு பிரிவுக்கு ஒவ்வொரு முறையும் 15 நிமிட ஓய்வு விட்டு. ஓய்வின்றிப் படித்தவை சில நாட்களில் மறந்துவிட்டன. ஓய்வு விட்டுப் படித்தவையோ ஒரு வாரம் கழித்தும் மறக்கவில்லை! நீடித்த ஞாபகத்துக்கு நரம்பு செல்கள் புதிதாகப் புரதம் தயாரிக்க வேண்டும். இடைவெளி விட்ட பயிற்சியில்தான் அது நடந்தது.

பழ ஈயின் மூளையில் மொத்தம் சுமார் 1,39,000 நரம்பு செல்கள் இருப்பதாக, 2024ல் வெளியான முழு மூளை வரைபடம் காட்டியது. நம் மூளையிலோ சுமார் 8,600 கோடி! ஆனாலும், விட்டு விட்டுப் படித்தால் மனதில் நிற்கும் என்பது நமக்கும் பொருந்தும்.

தேர்வுக்கு முந்தைய இரவு மொத்தப் பாடத்தையும் உருப்போடும் பழக்கம் உங்களுக்கு உண்டா? இன்று கொஞ்சம் படியுங்கள். நாளை அதையே திருப்பிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ஈக்கு முடிந்தது, உங்களுக்கு முடியாதா என்ன?