கசற்றிலுள்ள குரல்களும் கணினியின் ஒலி அட்டையும்

எம்மவர் வீடுகள் பலவற்றில் இன்றும் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கசற் பெட்டி இருக்கின்றது. கோயில் திருவிழாவின் நாதஸ்வரக் கச்சேரி, மீலாத் விழாவில் பாடப்பட்ட கசீதா, தொலைபேசி அரிதாயிருந்த 1980களில் மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பேசிப் பதிந்து அனுப்பப்பட்ட மடல்கள், இன்று எம்மோடு இல்லாத பெற்றோரின் குரல் என அதனுள் இருப்பவை பல. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசற், நிரந்தரச் சேமிப்புக்கென உருவாக்கப்பட்டதன்று. எமது வெப்பத்திலும் ஈரப்பதனிலும் நாடாவிற் பூஞ்சணம் படிகின்றது. மறுமுறை ஓடுமா என்ற நிலையிலுள்ள நாடாக்களும் உண்டு. ஆகவே, அவற்றைக் கணினிக்கு மாற்ற முற்படுவோர் முதற்தடவையிலேயே சரிவரச் செய்தல் வேண்டும்.

பலர் தவறிழைப்பது ஒரு சிறு துளையிலேயாகும். ஒலிவாங்கியிலிருந்து வருவது சில மில்லிவோல்ற் மின்சைகை மட்டுமே. கசற் இயந்திரத்தின் லைன் வெளியீட்டிலிருந்து வருவதோ சில நூறு மில்லிவோல்ற். பின்னையதை ஒலிவாங்கித் துளையிற் செருகினால் ஒலியலையின் உச்சிகள் வெட்டுண்டு, குரல் கரகரத்து விடுகின்றது. வெட்டுண்டதை எந்த மென்பொருளும் முழுமையாக மீட்டுத் தரமாட்டாது. போதாக்குறைக்கு, இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹெட்செட்டுக்கான ஒற்றைத் துளையே. அது இடது, வலது எனப் பிரித்துப் பதிவதில்லை. மலிவான யுஎஸ்பி ஒலி அட்டைகள் பலவற்றின் நிலையும் இதுவே.

எனவே, கடையிற் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இதில் இரு தடங்களுக்குமான லைன் உள்ளீடு உண்டா?" என்பதாகும். வெளியே வைத்து யுஎஸ்பி மூலம் இணைக்கும் அட்டையே எமது தெரிவு. கணினிப் பெட்டியினுள் எழும் மின் இரைச்சல் அதனை அதிகம் அணுகாது. விற்பனையாளர் 7.1 என்று கூறுவது ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையை. பதிவின் தரத்தை அன்று. கசற்றின் ஒரு பக்கத்தில் இருப்பதோ இரண்டு தடங்கள்!

192 கிலோஹேர்ட்ஸ் என்ற விளம்பரத்துக்கும் மயங்கத் தேவையில்லை. இறுவட்டின் 44.1 கிலோஹேர்ட்ஸ் அளவே 20 கிலோஹேர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும். சாதாரண கசற் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. ஆனால் 24 பிட் வசதி பயனுடையது. உச்ச அளவுக்கு 12 டெசிபல் கீழே நிறுத்திப் பதிந்தாலும் அதில் நுட்பம் குன்றாது. திடீரென உரத்தெழும் தவிலுக்கும் இடமிருக்கும்.

கேட்பதற்கு மட்டுமெனின் கணினியோடு வரும் அட்டையே போதுமானது. மிஞ்சும் பணத்தை நல்ல ஹெட்போனுக்குச் செலவிடலாம். பதிவின்போது இரைச்சலைக் கண்டுபிடிக்கவும் அதுவே உதவும்.

அட்டையைக் குறைகூறுமுன் கசற் இயந்திரத்தின் தலையைத் துடைத்துப் பார்ப்பதும் நன்று. பதிந்ததை எம்பி3 ஆகச் சுருக்காது முதலில் வேவ் கோப்பாகவே சேமித்தல் வேண்டும். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைற் செல்லும். உறவினருக்கு அனுப்ப எம்பி3 பிரதி போதும். மூலக் கசற்றை மட்டும் எறிந்துவிட வேண்டாம்.