பரு போனாலும் தழும்பு போகவில்லையா?



மருத்துவ உதவி கேட்டுச் சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு ஒரு தாய் மகளுடன் வந்திருந்தார். நிக்காஹ் பேசி முடித்தாகிவிட்டது, முகத்தில் உள்ள பருக்குழிகளுக்கு லேசர் செய்யப் பணம் தர முடியுமா என்று கேட்டார். அந்தப் பிள்ளை தலை நிமிரவே இல்லை. இதுவரை என்ன போட்டீர்கள் என்று விசாரித்தோம். பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் காட்டினார். இரண்டு வருடமாக மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசியது. அதில் பீட்டாமெத்தசோன் என்று அச்சிட்டிருந்தது.

அது ஸ்டீராய்டு. பூசிய சில நாளில் முகம் வெளுப்பாகத் தெரியும். அதனால்தான் கைவிட மனம் வராது. ஆனால் நாளாக ஆகத் தோல் மெலிந்து சிவக்கும், பரு முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தாலும் இதே கதைதான். இவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைக் குறித்து உத்தரவு போட்டது. இருந்தும் கிடைக்கிறது. நெடுநாள் பூசியவர்கள் திடீரென நிறுத்தினாலும் முகம் எரிந்து பரு பொங்கும். மருத்துவரிடம் காட்டியே நிறுத்த வேண்டும்.

தழும்பு என்று நாம் சொல்வதில் பாதி தழும்பே அல்ல. பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருப்பு வெறும் கறை. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் தானாக மங்கும். நம் மதுரை வெயிலில் அதற்கு சன்ஸ்கிரீன் அவசியம். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் புண்ணைத்தான் கூட்டும். விரலால் தடவிப் பார்த்தால் பள்ளம் தெரிகிறதா? அதுதான் தழும்பு. பருவின் அழற்சி தோலின் உள்ளடுக்கை அரித்துவிட்டதால் வருவது. பருவைக் கிள்ளினால் இது கூடும். எந்தக் களிம்பும் குழியை நிரப்பாது. ஊசி உருளை, அமிலப் பூச்சு, அடித்தோலை ஊசியால் விடுவிப்பது, லேசர் என்று வழிகள் உண்டு. குழியின் வகையைப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் வேண்டும். ஆழம் குறையும், அடியோடு மறையாது. நம் நிறத்துக்கு லேசர் அளவு மீறினால் புதிதாகக் கருப்பும் தட்டும். ஆகவே கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதில் இறங்குவது சரியல்ல.

முதலில் பரு அடங்க வேண்டும். பரு வந்துகொண்டிருக்கும்போது குழிக்குச் செலவழிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தருவார்கள். கருவிலுள்ள குழந்தையை அது ஊனமாக்கும். மாத்திரை சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. புதுப்பெண்கள் கல்யாணத் தேதியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஒளு செய்வதால் பரு வருமா என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீரால் வராது. துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளையைக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்கு அனுப்பினோம். லேசருக்கு இப்போது பணம் தரவில்லை; தாய்க்கு வருத்தம்தான். பஸ் செலவையும், வெளியே வாங்கச் சொல்லும் மருந்தின் செலவையும் டிரஸ்ட் ஏற்றிருக்கிறது. இதேபோல் களிம்பு பூசிக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் இருந்தால், ட்யூபைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.