பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டர்

மாலை நாலேகால் மணிக்கு ஏதாவது ஒரு பள்ளி வாசலில் போய் நின்று பாருங்கள். தோளில் பை தொங்க, கையில் பத்து ரூபாய் கசங்க, பிள்ளைகள் எதிர்ப்புறக் கடையை மொய்த்திருப்பார்கள். சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட், ஃப்ரிட்ஜ் நிறையக் கலர் பாட்டில், தயாரித்தவர் பெயரே இல்லாத பாலித்தீன் உறையில் ஜெல்லி. போன மாதம் ஓர் ஆறாம் வகுப்புப் பையன் எனர்ஜி டிரிங்க் பாட்டில் ஒன்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டியூஷனுக்கு ஓடினான். அந்த வகைக் காஃபின் பானம் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று லேபிளில் அச்சிட்டே தீர வேண்டும். அச்சிட்டுத்தான் இருந்தது. எறும்பு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில்.

பெற்றோருக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். வருகிறவர்கள் பலரும் ஏற்கெனவே எங்கோ போய் முட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு தாய் கடையைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். மூன்று நாள் எல்லோரும் கொதித்தார்கள், நாலாம் நாள் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து வந்தது, அதோடு முடிந்தது. ஒரு தந்தை காவல் நிலையம் போனார். அங்கே மாநகராட்சிக்குப் போகச் சொன்னார்கள், மாநகராட்சியில் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். தலைமையாசிரியரோ, "வெளியில் இருக்கும் கடைக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று கையை விரித்தார். மூவருமே தவறாகச் சொன்னார்கள். அந்தத் தந்தைக்கு ஒரு முழு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

விதி இருக்கிறது. அதிகக் கொழுப்பு, அதிகச் சர்க்கரை, அதிக உப்பு உள்ள உணவுகளைப் பள்ளி கேண்டீனிலும் விடுதிச் சமையலறையிலும் விற்கக் கூடாது. பள்ளி வாசலில் இருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது. இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் வெளியிட்டு, 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை இது. ஒரு தொண்டு அமைப்பு 2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2015இல் தீர்ப்புப் பெற்று, அதன் பிறகும் ஐந்து ஆண்டு காத்திருந்து கிடைத்த விதி. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது கடைக்காரர்களுக்கு ஓரளவு தெரியும், பலகையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த 50 மீட்டருக்கு ஒரு பலகைகூட நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எத்தனை கிராம் சர்க்கரை இருந்தால் அது 'அதிகம்' என்று இந்த ஒழுங்குமுறை எண்ணில் சொல்லவில்லை. கடைக்காரரும் அதிகாரியும் நழுவும் ஓட்டை இதுதான். ஆகவே "ஜங்க் ஃபுட் விற்கிறார்கள்" என்று ஒற்றை வரியில் புகார் எழுதாதீர்கள். அது குப்பைக்குத்தான் போகும்.

என்ன எழுத வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதலில் தூரம். டேப் வைத்து அளந்தால் உத்தமம், இல்லாவிட்டால் பெரியவர் நடையில் ஏறக்குறைய 70 எட்டு. பள்ளி வாசலும் கடையும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுங்கள். பிறகு கடையில் ஒரு பாக்கெட் வாங்குங்கள். அதைப் பிரிக்காமல், லேபிளில் உள்ள பெயர், தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, 14 இலக்க உரிம எண், ஊட்டச்சத்துப் பட்டியல் எல்லாம் படத்தில் விழும்படி எடுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று லேபிளில் இல்லையென்றால் அதுவே தனிப் புகார். 'அதிகம்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊட்டச்சத்துப் பட்டியலில் சோடியம் 800 மில்லிகிராம் என்று இருந்தால் அதை 2.5ஆல் பெருக்குங்கள். 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 மில்லியில் 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் 300 மில்லி கலர் பாட்டிலில் 33 கிராம். இந்தக் கணக்கை மனுவிலேயே எழுதுங்கள். கணக்கு எழுதிய மனுவைத் தள்ளுவது அதிகாரிக்குக் கொஞ்சம் சிரமம்.

மனு போக வேண்டிய இடம் மாவட்ட நியமன அலுவலர், உணவு பாதுகாப்புத் துறை. மறுபடியும் சொல்கிறேன்: காவல் நிலையமும் இல்லை, வட்டாட்சியரும் இல்லை. மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர், அவருக்குக் கீழே பகுதிவாரியாக உணவு பாதுகாப்பு அலுவலர்கள். கடைக்குள் நுழைந்து சோதிக்கவும், மாதிரி எடுக்கவும், பறிமுதல் செய்யவும் சட்டம் அதிகாரம் கொடுத்திருப்பது இவர்களுக்குத்தான். மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்பார்கள். வைத்துவிட்டு வராதீர்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்கப்படாத மனு. நேரில் போக முடியாதவர்கள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்ஆப் எண்ணுக்கும் அதே படங்களை அனுப்பலாம். ஆனால் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கையெழுத்துப் போட்ட தாளும் போகட்டும்.

பொருளிலேயே சந்தேகமா? கை ஒட்டும் சாயமா? 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி என்ற துணிச்சாயம் கண்டுபிடிக்கப்பட்டுப் பஞ்சு மிட்டாய் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். சந்தேகப் பொருளைப் பரிசோதனைக்குக் கொடுக்க நீங்கள் அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்ப வரும். கிண்டி, சேலம், கோவை, தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டையில் அரசு பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. இதில் ஒரு நிபந்தனையைத்தான் மக்கள் கோட்டை விடுகிறார்கள். பொருளை வாங்கும்போதே, 'இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். சாட்சிக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

வாசலில் கூடை வைத்திருக்கும் பாட்டியை விரட்டுவதற்கு இந்த விதியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் மனு எழுதித் தருவதில்லை. நெல்லிக்காயும் கொய்யாவும் வேர்க்கடலையும் சுண்டலும் விற்பதை இந்த ஒழுங்குமுறை தடுக்கவில்லை. மூடி போட்ட பாத்திரமும் உணவு பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றும் இருந்தால் போதும். அந்தப் பதிவுக்கு அவருக்கு உதவினால் பள்ளி வாசலில் நல்ல தீனி கிடைக்கும்.

வாசலுக்கு உள்ளே பொறுப்பு முழுக்கப் பள்ளி நிர்வாகத்தினுடையது. கேண்டீனைப் பள்ளியே நடத்தினால் பள்ளியே உணவு பாதுகாப்பு உரிமமோ பதிவோ எடுத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் நடத்தினால் அவரிடம் அது இருக்கிறதா என்று பள்ளி பார்த்திருக்க வேண்டும். சான்றிதழைக் கேண்டீன் சுவரில் பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். குளிர்பானக் கம்பெனி போட்டுக் கொடுத்த பெயர்ப் பலகை, நோட்டு அட்டையில் சாக்லேட் விளம்பரம், விளையாட்டு விழாவில் பிஸ்கட் கம்பெனி பேனர் எல்லாமே இந்தத் தடைக்குள் வருகின்றன. சிபிஎஸ்இ பள்ளிகளில் சர்க்கரை அளவைச் சொல்லும் பலகை வைக்க 2025இல் வாரியம் அறிவுறுத்தியது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள்.

விளையாட்டுக்கு வருவோம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு கிடைத்தாலே பெரிது. அந்த இரண்டையும் கணக்கு வாத்தியாரோ அறிவியல் டீச்சரோ கடன் வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தருவதே இல்லை. ஒரு தாய் இதை வகுப்பாசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார். மறுநாள் வகுப்பில் அவர் மகளைத்தான் கிண்டல் செய்தார்கள். வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள், தனியாகவும் சொல்லாதீர்கள். நாலைந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டு, பிள்ளை பெயர் எதுவும் இல்லாமல், வகுப்பின் கால அட்டவணையை இணைத்துத் தலைமையாசிரியருக்குக் கொடுங்கள்.

விளையாட்டு மைதானம் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது இருக்க வேண்டும் என்பதும் அதே அட்டவணையில் உண்டு. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுச் சாமான் வாங்க ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்க இடமிருக்கிறது. குழுக் கூட்டத்தில் அதன் ரசீதுகளையும் இருப்புப் பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். பந்து பதிவேட்டில் இருந்து பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் அதைத் தீர்மானமாக எழுத வையுங்கள்.

அங்கும் நகரவில்லையா? அரசு, உதவிபெறும் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். அரசு உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை). மெட்ரிக் உள்ளிட்ட தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). இந்தப் பதவி தனியாக இருப்பதே பலருக்குத் தெரியாமல், வேறு அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காக எழுதும் மனுவில் 'கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32இன் கீழ்' என்று தலைப்பிலேயே போட்டு, ஒரு நகலை உங்கள் பகுதி உள்ளாட்சி அலுவலகத்துக்கும் கொடுங்கள். அந்தப் பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவில் நியாயம் இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு உண்டு. மைதானத்தைச் சுற்றி ஓட வைத்துத் தண்டிப்பதும் வெயிலில் முட்டி போட வைப்பதும் உடற்பயிற்சி இல்லை. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்த உடல்ரீதியான தண்டனை. அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பதில் வராத மனுவுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் நடவடிக்கை இல்லை?' என்று கேட்காதீர்கள், அதற்கு 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல், ஆய்வு நடந்திருந்தால் ஆய்வறிக்கையின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்த இரண்டாவது 30 நாளைத் தவற விடாதீர்கள்.

பெற்றோரிடமும் எனக்குக் கோபம் உண்டு. காலையில் அரக்கப் பரக்க டிபன் பாக்ஸைக் கட்டிவிட்டு, "சாயங்காலம் ஏதாவது வாங்கித் தின்னு" என்று பத்து ரூபாயைத் திணிப்பது யார்? வயசுக்கு வந்த பெண் கறுத்துப்போவாள், பி.டி. வகுப்பில் விட வேண்டாம் என்று நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் கொடுத்தவரையும் எனக்குத் தெரியும். உண்மையாகவே இளைப்போ இதய நோயோ உள்ள பிள்ளையைப் பற்றி மருத்துவர் கடிதம் கொடுக்கத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அதை ஜூன் மாதமே பி.டி. ஆசிரியர் கையில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

கேண்டீன் ஒப்பந்தத்தையும் அந்த மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். புது ஒப்பந்தத்தில் என்னென்ன விற்கலாம் என்ற பட்டியலைச் சேர்க்கச் சொல்ல அதுதான் நேரம். கையெழுத்தாகிவிட்டால் அடுத்த ஜூன் வரை ஒப்பந்தக்காரர் அதே சமோசாவைத்தான் அதே எண்ணெயில் பொரிப்பார்.