'ஜகாட்' கேட்கும் கேள்வி

மார்சிலிங்கிலிருந்து நீரிணைக்கு அப்பால் பார்த்தால் ஜோகூர் தெரியும். அங்கே தொடங்கும் மலேசியாவில் நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் வேலையோடு லயத்து வீடும் போயிற்று. பலர் புறம்போக்கு நிலங்களில் குடியேறினார்கள்.

அந்த வாழ்க்கையைக் காட்டுவதுதான் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' படம். கெட்டவன் எனப் பொருள்படும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்லின் திரிபு அது. கதை நடப்பது 1991இல். அப்போய் 12 வயதுச் சிறுவன். கற்பனை வளம் மிக்கவன். வீட்டிலும் பள்ளியிலும் கிடைப்பதோ அடியும் ஏச்சும். குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாவே அவனுக்குப் பெரிய மனிதராகத் தெரிகிறார்.

'நம் குறையை ஊரறியச் சொல்லலாமா?' என்பார்கள் சிலர். நோயை மறைத்தால் மருந்து ஏது? 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றதும் இதுவே.

பிள்ளையை அடிக்கக் கை ஓங்குமுன், அவன் சொல்வதைச் சற்றே காது கொடுத்துக் கேளுங்கள்.