விளையாட்டுத் திரையும் வாசிக்கும் கண்ணும்



பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் லயத்து வாசலே பிள்ளைகளின் விளையாட்டுத் திடல். ரப்பர் விதையும் கோலியுமே விளையாட்டுப் பொருள்கள். பின்னர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. குடும்பங்கள் சுங்கை சிப்புட், ஈப்போ, புந்தோங் என்று குடிபெயர்ந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று கைப்பேசித் திரையே திடல். இந்த விளையாட்டு பிள்ளையின் கவனத்தையும் வாசிப்பையும் கெடுக்குமா என்பது பெற்றோர் பலரின் கவலை. அதைப்பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

முதலில், வாசிக்கும்போது என்ன நடக்கிறது? கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவி நின்று, நின்ற இடத்தில் சில எழுத்துகளை மட்டும் கவ்வுகிறது. 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். ககரத்துக்கு முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி. மூன்றையும் ஒன்றாகத் திரட்டினால்தான் ஒலி கிடைக்கும். இரண்டு சுழி 'ன'வுக்கும் மூன்று சுழி 'ண'வுக்கும் ஒரே ஒரு சுழிதான் வேறுபாடு. ஆகவே, வாசிப்புக்கு எழுத்தறிவு மட்டும் போதாது. பார்வையின் கவனமும் வேண்டும்.

இந்தப் பார்வைக் கவனத்தை விரைவு விளையாட்டுகள் கூர்மையாக்குகின்றன என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 2003இல் எழுதினார்கள். அதுவரை விளையாடாதவர்களை நாள்தோறும் ஒரு மணி நேரமாகப் பத்து நாள் விளையாடச் செய்தபோதும் முன்னேற்றம் தெரிந்தது. 2013இல் இத்தாலியில், எழுத்துகளைச் சேர்த்து வாசிக்க இடர்ப்படும் பிள்ளைகள் சிலரை மொத்தம் 12 மணி நேரம் விரைவு விளையாட்டு ஆடவிட்டார்கள். அதில் எழுத்துப் பயிற்சியே கிடையாது. ஆயினும் பிழை கூடாமல் வாசிப்பு வேகம் கூடியது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 20 பிள்ளைகளே.

அப்படியானால் கைப்பேசியைக் கொடுத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 2010இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, வீட்டில் விளையாட்டுக் கருவி இல்லாத, 6 முதல் 9 வயதுவரையுள்ள 64 சிறுவர்களைத் தேர்ந்துகொண்டது. பாதிப் பேருக்குக் கருவி உடனே கிடைத்தது. மற்றவர்களுக்கு நான்கு மாதம் கழித்து. அந்த நான்கு மாத முடிவில், முதலில் பெற்றவர்கள் பள்ளி முடிந்தபின் பாடத்தில் செலவிட்ட நேரம் குறைந்திருந்தது. வாசிப்பிலும் எழுத்திலும் மதிப்பெண்ணும் தாழ்ந்திருந்தது.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இத்தாலியில் விளையாட்டைத் தேர்ந்தவரும் நேரத்தை அளந்தவரும் ஆராய்ச்சியாளர்கள். வீட்டில் அளப்பவர் யாருமில்லை. வாசிப்பின் மணியை விளையாட்டு தின்றுவிட்டது. மேலும், திரையில் பாயும் பொருளைச் சட்டெனப் பிடிக்கும் கவனம் வேறு. அசையாத பக்கத்தில் கால்மணி நேரம் நிலைக்கும் கவனம் வேறு. இரண்டாவது, வாசித்து வாசித்தே வரவேண்டியது. பால்வெட்டும் கை எப்படிப் பழகியது? வாளியைத் தூக்கியதாலா? மரம் மரமாக வெட்டியதால் அல்லவா?

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே முதலாம் ஆண்டுப் பிள்ளை தமிழ் எழுத்தையும் ரோமன் எழுத்தையும் ஒருசேரப் பழகி, தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழி வாசிக்க வேண்டும். இந்தத் தொடக்க ஆண்டுகளில் வாசிப்பு தளர்ந்தால், மற்ற பாடங்களும் தளரும்.

ஆகவே, பெற்றோர் மூன்று செயல்களைக் கடைப்பிடிக்கலாம். நாள்தோறும் பதினைந்து நிமிடம் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியும் இதைச் செய்யலாம். வாசிப்பு முடிந்தபின்பே விளையாட்டு என்று வரிசை வையுங்கள். முடியும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளை எழுத்துகளை ஓயாமல் மாற்றி வாசித்தால், சோம்பேறி என்று ஏசாமல் ஆசிரியரிடம் கூறுங்கள். அது விளையாட்டின் குற்றமாக இல்லாமல், தனிப் பயிற்சி தேவைப்படும் வாசிப்பு இடராகவும் இருக்கலாம்.

உறக்கம், உணவு, பள்ளி ஆகியவற்றையும் மறந்து, பல மாதங்கள் கட்டுப்பாடின்றி விளையாடுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. அந்நிலைக்கு மருத்துவ உதவி தேவை. ஆசையோடு சிறிது நேரம் விளையாடும் பிள்ளை நோயாளி அல்லன். அவனுடைய நாளில் புத்தகத்துக்கும் ஓர் இடம் இருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.