வகையும் வழுவும்: மேகத்தின் இலக்கணம் குறித்துச் சில குறிப்புகள்

1

வாலாஜாபாத்தில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்துவிடுகின்றன. ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் என்று பிரிந்து போகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். அக்கா, கழுத்தில் அடையாள அட்டையோடு அந்த பஸ்ஸில் ஏறுகிறவள். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. தம்பி எங்கும் போவதில்லை. மாடியறையில் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறான். 'என்னதான்டா வேலை அது?' என்று ஒருநாள் கேட்டேன். 'சர்வர் எழுதறேண்ணா' என்றான்.

சர்வரை வாங்கலாம், பூட்டலாம், பழுது பார்க்கலாம். எழுதுவது எப்படி? பிரதி, எழுத்து, வாசிப்பு என்று இத்தனை காலமாக விவாதித்து வருகிற நாம் இந்த 'எழுதறேன்' என்கிற வினையைச் சும்மா விட்டுவிட முடியாது. எழுதியவுடன் ஒரு பொருள் உலகத்தில் முளைக்கிறது. ஒரு வரியை அடித்தால் அது இல்லாமல் போகிறது. அப்படிப்பட்ட பிரதிக்கு இலக்கணம் என்ன, அந்த இலக்கணம் எதைக் காக்கிறது, எதைக் காக்காது என்பதே இக்குறிப்புகளின் அக்கறை.

2

முதலில் விஷயத்தைப் பார்த்துவிடலாம். 'கிளவுட்', மேகம் என்று சொல்லப்படுவது வானத்தில் இல்லை. குளிரூட்டப்பட்ட, காவல் போட்ட, மின்சாரத்தைத் தின்கிற கட்டடம் அது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அப்படிப்பட்ட கட்டடங்கள் நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட் தன் தென்னிந்திய வட்டாரத்தை 2015இல் சென்னையில் தொடங்கியது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் வட்டாரங்களை அமைத்தது. அங்கே இருக்கிற கணினிகளையும் சேமிப்புக் கிடங்குகளையும் பிணையத்தையும் யாரும் வாடகைக்கு எடுக்கலாம்.

எடுப்பதற்கு எளிய வழி, திரையில் பொத்தான்களை அழுத்துவது. இரண்டு சர்வர் என்றால் அழுத்திவிடலாம். இருநூறு என்றால்? யார் எதை அழுத்தினார்கள், ஏன் அழுத்தினார்கள் என்பது ஆறு மாதத்தில் ஒருவருக்கும் நினைவிருக்காது. அழுத்திய ஆள் வேலையை விட்டும் போயிருப்பார். ஆகவேதான், வேண்டியதை எழுதி வைப்போம், எழுதியதை எந்திரம் படித்து நிறைவேற்றட்டும் என்ற யோசனை வந்தது. 1993இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் உருவாக்கிய 'சிஎஃப்என்ஜின்' இதன் முன்னோடிகளில் ஒன்று. அமேசானின் 'கிளவுட்ஃபார்மேஷன்' 2011இலும், 'டெராஃபார்ம்' 2014இலும் வந்தன.

காஞ்சிபுரத்துத் தறிக்காரருக்கு இது முழுக்க அந்நியமல்ல. ஜக்கார்டு தறியில் கரையின் பூவேலை துளையிட்ட அட்டையில் இருக்கிறது. அட்டையை மாற்றினால் பூ மாறும். அட்டையும் ஒரு பிரதிதான். தறி அதை வாசிக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அட்டை ஏவுகிறது: இந்த இழையைத் தூக்கு, இதை விடு. மேகத்தின் பிரதியோ பெரும்பாலும் ஏவல் இல்லை, வியங்கோள். 'ஒரு கிடங்கு இருக்க, அது மும்பையில் இருக்க, வெளியார் படிக்காதிருக்க.' எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. எந்திரம் தன் கையில் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. இதுவரை என்னென்ன உருவாக்கினேன் என்ற கணக்கு அதில் இருக்கும். எழுதியதையும் பேரேட்டையும் ஒப்பிட்டு, 'இதைப் புதிதாகப் படைப்பேன், இதைத் திருத்துவேன், இதை அழிப்பேன்' என்று ஒரு முன்வரைவைக் காட்டுகிறது. சரி என்று சொன்ன பிறகுதான் கை வைக்கிறது.

3

இந்தப் பிரதிகளைத் தொடக்கத்தில் வெறும் பட்டியலாகவே எழுதினார்கள். 'யாமல்' என்ற பட்டியல் வடிவம் பரவலாகப் புழங்குகிறது. அதில் நடந்த ஒரு கூத்து பிரசித்தம். நாடுகளின் சுருக்கக் குறிகளை வரிசையாக எழுதினார்கள், நார்வேக்கு 'என்ஓ'. அந்த வடிவத்தின் பழைய விதிப்படி மேற்கோள்குறி இல்லாத 'நோ' என்றால் 'இல்லை' என்று பொருள். ஒரு நாட்டின் பெயர் ஓர் எதிர்மறையாக வாசிக்கப்பட்டது. எழுதியவருக்கும் தெரியாது, எந்திரமும் முணுமுணுக்காது. வேறெங்கோ எதுவோ உடையும்போதுதான் தெரியவரும்.

இங்கேதான் 'வகை' வருகிறது. டைப் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு மதிப்புக்கும் அது எந்த இனம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. இது எண், இது எழுத்துத்தொடர், இது ஆம் அல்லது இல்லை, இது கிடங்கு, இது பிணையம். எண் இருக்க வேண்டிய இடத்தில் கிடங்கைக் கொண்டு வைத்தால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். ஒரு சர்வரும் முளைப்பதற்கு முன்பே. இதன் தத்துவ மூலத்தைத் தேடினால் 1908இல் பெர்ட்ரண்ட் ரஸல் வெளியிட்ட வகைக் கோட்பாடு வரை போகலாம். கணங்களைப் பற்றிப் பேசும்போது எழுந்த முரணைத் தவிர்க்க, எது எதைப் பற்றிப் பேசலாம் என்று படிநிலை வகுத்தார் அவர்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் உயர்திணை, அஃறிணை என்ற பிரிவோடுதான் தொடங்குகிறது. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வழுக்களைச் சொல்கிறது. 'அவன் வந்தது' என்றால் அர்த்தம் புரியாமல் இல்லை. ஆனாலும் காது உடனே தடுக்கிறது. அந்தக் காதுதான் கம்பைலர்.

2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'டைப்ஸ்கிரிப்ட்' இப்படிப்பட்ட காதுள்ள மொழி. 2018இல் 'புலுமி', 2019இல் அமேசானின் 'சிடிகே' ஆகியவை, மேகத்தின் பிரதியை அந்த மொழியிலேயே எழுத வழி செய்தன. டெராஃபார்முக்கும் வகைகள் உண்டு. ஆனால் அது இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட தனிமொழி. இவையோ நிரலாளர் அன்றாடம் புழங்குகிற பொதுமொழியைக் கொண்டுவந்தன. எழுதுகிறபோதே திருத்தி அடிக்கோடு காட்டும். ஒரு கிடங்குக்கு என்னென்ன பண்புகள் உண்டு என்று எடுத்துக் கொடுக்கும்.

காலவழுவைக்கூட அது பிடிக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு சர்வரின் முகவரி, அந்த சர்வர் உருவான பிறகுதான் தெரியும். எழுதும்போது அது இன்னும் பிறக்கவில்லை. ஆகவே புலுமியில் அந்த முகவரியின் வகை வெறும் 'எழுத்துத்தொடர்' அல்ல, 'வரப்போகும் எழுத்துத்தொடர்'. இப்போதே கையில் இருக்கிற ஒன்றைக் கேட்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் மறுத்துவிடும். 'வரும்' என்பதை 'வந்தது' என்று சொல்ல விடாத மொழி.

வழுவமைதியும் உண்டு. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணைவழுதான். ஆனால் உவப்பு என்ற காரணத்தால் இலக்கணம் அதை ஏற்கிறது. டைப்ஸ்கிரிப்டில் 'எனி' என்று ஒரு வகை இருக்கிறது. எதுவாகவும் இருக்கலாம் என்று பொருள். அதைப் போட்டால் கம்பைலர் கண்ணை மூடிக்கொள்ளும். நம் இலக்கணம் விலக்குக்குக் காரணம் கேட்டது. இது கேட்பதில்லை.

4

போகட்டும், வகை காத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணி நேரம் முடங்கியது. அதன்மேல் நின்ற எத்தனையோ இணையதளங்கள் கூடவே விழுந்தன. பிறகு நிறுவனமே காரணத்தை வெளியிட்டது. ஊழியர் ஒருவர் சில சர்வர்களை விலக்கக் கட்டளை கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு தவறாக விழுந்து, நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகிவிட்டன. வகைச் சோதனை பொதுவாக வடிவத்தைப் பார்க்கும், அளவைப் பார்க்காது. 10 எண் என்றால் 100ம் எண்தான். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாத பாதுகாப்பை அந்தக் கருவியில் பிறகுதான் சேர்த்தார்கள்.

அதேபோல, ஒரு கிடங்கை ஊரே படிக்கலாம் என்று திறந்துவிடுவது வகைப்படி முற்றிலும் சரி. 'ஆம்' வரவேண்டிய இடத்தில் 'ஆம்' வந்திருக்கிறது. அந்தக் கிடங்கில் இருப்பது தொழிலாளர்களின் கைரேகையா, கல்யாண போட்டோவா என்பது இலக்கணத்தின் கவலையல்ல. வழுவில்லாமல் பொய் சொல்லலாம் என்பது எழுத்தாளர்களுக்குத் தெரியாததா?

இன்னொன்றை அந்தத் தம்பி காட்டினான். ஒரு டேட்டாபேஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பிரதியில் அதன் பெயர் அழகாக இல்லையென்று பெயரை மட்டும் மாற்றினான். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. முன்வரைவைக் கேட்டதும் இரண்டு வரிகள் வந்தன: பழையதை அழிப்பேன், புதியதைப் படைப்பேன். பேரேட்டைப் பொறுத்தவரை பெயர்தான் ஆள். பெயர் மாறினால் பழைய ஆள் செத்தான், புதியவன் பிறந்தான். தடுப்பு எதுவும் வைக்காமல் சரி என்று சொல்லியிருந்தால் உள்ளே இருந்த அத்தனை வருஷத்துத் தகவலும் போயிருக்கும். 'இதுக்கு ஒரு வரி சேக்கணும்ணா' என்றான். 'முன்னால அந்தப் பேர்ல இருந்ததும் இதுவும் ஒண்ணுதான்னு சொல்ற வரி.'

ஷிஃப்ட் முடிந்து வந்து பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். 'எனக்கு அந்த வரிய யாரும் சேக்கலியேடா' என்றாள்.

5

அவள் நான்கு வருஷமாக ஒரே லைனில், ஒரே மேஜையில் வேலை செய்கிறாள். இதற்குள் காண்ட்ராக்டரின் பெயர் மூன்று முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் புது அட்டை, புது எண், புதிய சேர்ந்த தேதி. கணினியில் வழு எதுவும் இல்லை. தேதி வர வேண்டிய இடத்தில் தேதி இருக்கிறது; காண்ட்ராக்டர் வர வேண்டிய இடத்தில் பட்டியலில் உள்ள ஒரு பெயர் இருக்கிறது.

1981இல் தமிழ்நாட்டில் தொழிலாளர்க்கு நிரந்தரத் தகுதி அளிப்பதற்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அது. சண்டை முழுவதும் அந்த 480ஐ யார் பெயரில் எண்ணுவது என்பதில் இருக்கிறது. பெயர் மாறினால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. டேட்டாபேஸுக்குக் கிடைத்த அந்த ஒரு வரி மனுஷிக்குக் கிடைக்கவில்லை. அஃறிணைக்கு நினைவைக் காக்க வழி இருக்கிறது, உயர்திணைக்கு இல்லை. இதுவும் ஒரு திணைவழு இல்லையா?

இதை எந்திரத்தின் குற்றம் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. பட்டியலில் எந்தெந்த மதிப்புகள் இருக்கலாம், எந்தப் பண்பு கட்டாயம், எது விருப்பம் என்று வகையை அறிவிக்கிறவர் மனிதர்தான். 'முந்தைய பெயர்' என்ற பண்பைக் கட்டாயமாக்கியிருந்தால் கம்பைலரே அதைக் கேட்டு நிறுத்தியிருக்கும். வகை என்பது அதிகாரத்துக்கு எதிரானதும் அல்ல, அதன் அடிமையும் அல்ல. அறிவிக்கப்பட்டதை மறக்கவிடாத காவல், அவ்வளவுதான். அறிவிக்கிற கை யாருடையது என்பதே கேள்வி.

இலக்கணத்துக்கே உடைமையாளர் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் டெராஃபார்மை வைத்திருந்த ஹாஷிகார்ப் அதன் திறந்த உரிமத்தை மாற்றியது. உடனே அதைப் பயன்படுத்தியவர்கள் பழைய பிரதியை எடுத்துப் பிரிந்து 'ஓப்பன்டோஃபு' என்று லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தொடர்ந்தார்கள். அதுவரை திறந்த உரிமத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது.

பொத்தான் அழுத்திய காலத்தில் முடிவுகள் யாருடைய விரலிலோ மறைந்திருந்தன. இப்போது அவை வரிகளாக இருக்கின்றன: தகவல் எந்த ஊரில் கிடக்கிறது, யார் படிக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம். வரியாக இருப்பதை வாசிக்கலாம், வாசிக்கக் கேட்கலாம். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடும் கேன்டீனோடும், வருகைப்பதிவு மென்பொருளில் தொழிலாளியைப் பற்றி என்னென்ன பண்புகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன, பெயர் மாறும்போது சேர்ந்த தேதி என்ன ஆகிறது என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 'அவன் வந்தது' என்றால் தடுக்கிற காது போதும்.